மூளையின் கையிருப்பு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மன்காட்டோ என்ற ஊரில், ஒரு குன்றின் மேல் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. ஸ்கூல் சிஸ்டர்ஸ் ஆஃப் நோத்ர் டாம் என்ற சபையைச் சேர்ந்த மடம். பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துவதுதான் அந்தச் சபையின் முதன்மையான ஊழியம். ஓய்வுபெற்ற சகோதரிகள் பலர் அங்கே தொண்ணூறு வயதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள். 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற நோய்ப்பரவியல் ஆய்வாளர் அவர்களைத் தேடிப் போனார். முதுமையில் சிலருக்கு மட்டும் அறிவு மங்குவது ஏன், சிலருக்குக் கடைசி நாள்வரை தெளிவாகவே இருப்பது ஏன் என்பது அவருடைய கேள்வி.

சிறிய அளவில் தொடங்கிய அந்த ஆய்வு, சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பல பகுதிகளில் இருந்த அதே சபையின் மடங்களுக்கும் விரிந்தது. 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் அதில் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்படுவது, மடத்தின் பழைய ஆவணங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் பார்க்க அனுமதிப்பது, இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுப்பது என மூன்றுக்கும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பிள்ளை பெறாதவர்கள் உலகத்துக்கு விட்டுச்செல்லக் கூடியதாக அவர்கள் இந்தக் கொடையைக் கருதினார்கள் என்று ஸ்னோடன் பின்னாளில் எழுதினார்.

ஆராய்ச்சிக்குக் கன்னியாஸ்திரிகள் எவ்வளவு பொருத்தமானவர்கள் என்பதைக் கொஞ்சம் யோசித்தால்தான் விளங்கும். வெளியுலகில் ஒருவர் எண்பது வயதில் தெளிவாக இருக்கிறார், இன்னொருவர் இல்லை என்றால் அதற்கு நூறு காரணம் சொல்லலாம். பணம், சாப்பாடு, புகைப்பழக்கம், பிரசவங்கள், குடும்பச் சுமை, மருத்துவ வசதி எல்லாமே ஆளுக்கு ஆள் வேறு. மடத்தில் எல்லாருக்கும் ஒரே சமையலறை, ஒரே கூரை, ஒரே மருத்துவர். யாரும் புகைப்பதில்லை, யாருக்கும் தனிச் சொத்து இல்லை. வாழ்நாள் முழுவதும் இப்படி ஒரே அச்சில் வாழ்ந்தவர்களிடையே முதுமையில் வேறுபாடு தோன்றினால், அதன் வேர் மடத்துக்குள் வருவதற்கு முந்தைய இளமையிலோ, படிப்பிலோ, அவரவர் செய்த வேலையிலோ இருக்க வாய்ப்பு அதிகம். பட்டம் பெற்று ஆசிரியைகளாக இருந்தவர்கள், அதிகம் படிக்காமல் சமையலிலும் வீட்டு வேலையிலும் காலம் கழித்த சகோதரிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். முதுமையிலும் பிறர் உதவியின்றித் தம் காரியங்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மேசையில் உணவு உண்டவர்களிடையே இந்த வேறுபாடு.

அந்த 678 பேரில் ஆய்வாளர்களை அதிகம் திகைக்க வைத்தவர் சிஸ்டர் மேரி என்று கட்டுரைகளில் குறிப்பிடப்படும் மூதாட்டி. எட்டாம் வகுப்புப் படிப்போடு 19 வயதில் ஆசிரியை ஆனவர். வேலை பார்த்துக்கொண்டே படித்து 41ஆம் வயதில்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். 84 வயதுவரை பாடம் நடத்தினார். 101 வயதைக் கடந்து இறந்தபோது, அதற்குச் சற்று முன் எடுத்த சோதனைகளிலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். ஆனால் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது அல்சைமர் நோயின் அடையாளங்களான அமைலாய்டு படிவுகளும் புரத முடிச்சுகளும் ஏராளமாகக் கிடந்தன. மூளையை மட்டும் பார்த்த நோயியல் மருத்துவர் எவரும் இது அறிவு மங்கிப்போன ஒருவரின் மூளை என்றே சொல்லியிருப்பார்.

இப்படி ஒரு முரண் அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. 1988இல் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர், முதியோர் இல்லங்களில் இறந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்து எழுதினார்கள். அதில் பத்துப் பேரின் மூளையில் அல்சைமர் படிவுகள் நிறைய இருந்தன. ஆனால் அவர்கள் உயிரோடிருந்தபோது நோயற்றவர்களுக்கு இணையாகவே செயல்பட்டார்கள். அந்தப் பத்து மூளைகளும் எடையில் கூடுதலாகவும், பெரிய நரம்பணுக்கள் அதிகம் கொண்டவையாகவும் இருந்தன. இழப்பதற்கு இவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்திருக்கிறது என்று காட்ஸ்மன் குழு ஊகித்தது. பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஸ்டெர்ன் இந்தச் சிந்தனையை விரித்து, அறிதிறன் கையிருப்பு என்ற கருத்தை நிலைநாட்டினார். எல்லா மூளையும் வயதாக ஆகத் தேய்கிறது. கையிருப்பு அதிகம் உள்ள மூளை அந்தத் தேய்மானத்தை நெடுநாள் தாங்கும். ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதையில் வேலையை முடித்துக்கொள்ளும்.

வயதோடு எல்லாத் திறமையும் சேர்ந்து சரிவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜோஷுவா ஹார்ட்ஷார்னும் லாரா ஜெர்மைனும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 48,500 பேரின் சோதனை முடிவுகளை வயதுவாரியாகப் பார்த்தார்கள். ஒன்றைப் பார்த்ததும் விரைந்து கணிக்கும் வேகம் இருபது வயதை ஒட்டியே உச்சம் தொட்டுவிடுகிறது. சொல்வளமோ அறுபதுகளின் இறுதிவரை வளர்கிறது. அறுபது வயதுக்காரர் தெரிந்த ஒருவரின் பெயரை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு தவிப்பது வேகம் குறைந்ததன் அடையாளம். அதை நோயின் தொடக்கம் என்று பயந்து உறக்கம் கெடுத்துக்கொள்பவர்கள் நம்மிடையே நிறைய. அன்றாடம் போகும் வழி மறந்துபோவது, கைப்பழக்கமான சமையலில் அடுத்து என்ன செய்வதென்று விழிப்பது, ரூபாய் நோட்டுகளை எண்ணத் தடுமாறுவது, இவைதாம் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்.

கன்னியர் ஆய்வில் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது இன்னொரு பகுதி. சபையில் நித்திய வார்த்தைப்பாடு எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் கதையைத் தம் கையால் சுருக்கமாக எழுதித் தர வேண்டும் என்பது வழக்கம். அப்போது அவர்களுக்குச் சராசரியாக 22 வயது. அந்தத் தாள்கள் மடத்தின் ஆவணப் பெட்டகத்தில் அப்படியே இருந்தன. 93 சகோதரிகளின் கதைகளை எடுத்து, பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணினார்கள். ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பெண்கள் எழுதிய நினைவாற்றல் சோதனைகளோடு ஒப்பிட்டார்கள். இளமையில் கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களே முதுமையில் பின்தங்கினார்கள். அதற்குள் இறந்திருந்த 14 பேரில், செறிவு குறைவாக எழுதிய எல்லாருடைய மூளையிலும் அல்சைமர் நோய் உறுதியானது. செறிவாக எழுதியவர்களில் ஒருவருக்கும் இல்லை.

1996இல் இந்த முடிவு வெளியானபோது உலகமெங்கும் செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போட்டன. பதினான்கு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதை வைத்து ஒரு மனிதரின் தலைவிதியைச் சொல்ல முடியாது. தவிரவும் இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். நல்ல மொழித்திறன் மூளைக்குக் காப்பாக இருந்தது என்று ஒரு வாசிப்பு. நோயின் விதை இருபது வயதிலேயே மூளையில் விழுந்துவிட்டது, அதன் நிழல்தான் அந்த வறண்ட வாக்கியங்கள் என்று இன்னொரு வாசிப்பு. இரண்டுக்கும் இடையிலான விவாதம் ஓயவில்லை. எது சரியானாலும் எண்பது வயதின் கதை இருபது வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்பது மாறாது. அறுபதில் ஓய்வுபெற்று, அதன் பிறகு மூளையைக் கூர்தீட்ட என்ன செய்யலாம் என்று கேட்பது பிந்திய கேள்வி. வீண் கேள்வி என்று சொல்ல மாட்டேன், அதற்கும் விடைகள் உண்டு. ஆனால் முதுமையின் தெளிவில் பெரும் பங்கை நமக்குச் சேர்த்து வைத்தவர்கள் வேறு யாரோ: நம்மைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள், அல்லது அனுப்பாமல் விட்டவர்கள்.

இந்தியாவில் இதை மறைக்கவே முடியாது. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் அறிவு மங்கும் நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரங்களைவிடக் கிராமங்களுக்கும் சுமை அதிகம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்வது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கோ 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் 27 விழுக்காடு. பெண்கள் 9 விழுக்காடுகூட இல்லை. இன்று எண்பது வயதை நெருங்கும் பாட்டிகள் பிறந்து வளர்ந்த நாடு அது. அண்ணனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்புக்கு விறகு பொறுக்கிய சிறுமிகள். அவர்களிடம் பறிக்கப்பட்ட படிப்பின் விலையை எழுபது ஆண்டுகள் கழித்து அவர்களுடைய மூளைகள் கட்டுகின்றன என்று நான் நம்புகிறேன்.

படிப்பு எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதிலும் தெளிவு வேண்டும். மார்ட்டின் லோவ்டனும் சகாக்களும் 2020இல் உலகின் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது: பள்ளிப்படிப்பு மூளையின் திறனை இளமையில் உயர்த்துகிறது, முதுமையில் அது சரியும் வேகத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை. படித்தவரும் படிக்காதவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் இறங்குகிறார்கள். படித்தவர் மேலேயிருந்து இறங்குவதால், அன்றாட வாழ்க்கை குலையும் மட்டத்தை எட்ட அவருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. பலர் அந்த மட்டத்துக்கு வருமுன்பே வேறு காரணத்தால் இறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், அளவுகோல். பேனாவே பிடித்திராத ஒரு மூதாட்டியின் கையில் பென்சிலைக் கொடுத்து, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களை வரையச் சொல்வது மேல்நாட்டுச் சோதனைகளில் ஒரு கேள்வி. நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வது இன்னொன்று. அவரால் முடியாவிட்டால் அது நோயா, பள்ளிக்கூடம் காணாததா? ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் மேரி கங்குலி குழுவினர் தொண்ணூறுகளிலேயே இந்தச் சோதனையை எழுத்தறியாத கிராமத்து முதியோருக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். நம் நாட்டில் செய்யப்பட்ட மிக நல்ல அறிவியல் பணிகளில் அது ஒன்று என்பேன். சந்தைக்கணக்கை மனத்திலேயே போடுகிறவர், பங்காளி வீட்டு உறவுமுறைகளை நான்கு தலைமுறைக்குப் பிசகாமல் சொல்கிறவர் அறிவு மங்கியவர் ஆகமாட்டார்.

பள்ளி மட்டும்தான் கையிருப்பைச் சேர்க்குமா? ஹைதராபாத்தில் இருந்து ஒரு மாறுபட்ட குரல் வந்தது. அங்கே நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு வந்த 648 டிமென்ஷியா நோயாளிகளின் பதிவுகளை சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் 2013இல் அலசினார்கள். தெலுங்கு, உருது, இந்தி என்று இரண்டு மொழிகளாவது பேசியவர்களுக்கு நோய், ஒரே மொழி பேசியவர்களைவிடச் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது என்பதுதான் முக்கியம். அங்கே கடைத்தெருவில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று மாற்றி மாற்றிப் பேசுவது பள்ளிக்கூடம் தராத பயிற்சி. மூன்றாவது, நான்காவது மொழிக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை.

இந்த முடிவை நான் மகிழ்ச்சியோடு ஏற்கத் தயார். ஆனால் நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டனில் குடியேறிய, ஸ்பானிய மொழி பேசும் 1,067 முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014இல் வெளியானது. ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்கு நோய் குறைவாக வந்ததாக அதில் தெரியவில்லை. ஒன்று மருத்துவமனைக்கு வந்தவர்களின் பதிவு. மற்றொன்று நோயில்லாதவர்களில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு. இரண்டாவது வகைக்கே அறிவியல் கூடுதல் எடை தரும். வாழ்நாள் முழுவதும் இரு மொழிகளில் புழங்குவதும், அயல்நாட்டில் வேலைக்காக ஒரு மொழி கற்பதும் ஒன்றல்ல என்று வாதிடலாம். தீர்ப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இனி, பிந்திய கேள்விக்கு வருவோம். அறுபதில் இருப்பவர் என்ன செய்யலாம்?

இங்கேயும் கன்னியர் ஆய்வே முதல் வழியைக் காட்டியது. 1997இல் ஸ்னோடன் குழு, பட்டம் பெற்ற 102 சகோதரிகளின் மூளைகளை ஆராய்ந்தது. அவர்களில் 61 பேரின் மூளையில் அல்சைமர் மாற்றங்கள் இருந்தன. அவர்களிடையே, மூளையின் ஆழத்தில் சிறு இரத்தக்குழாய்கள் அடைபட்டு உண்டான ஒன்றிரண்டு சின்னஞ்சிறு பாதிப்புகள் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா வெளிப்படும் வாய்ப்பு, அவை இல்லாதவர்களைவிட இருபது மடங்கு. அல்சைமர் மாற்றங்களைத் தாங்கிக்கொண்டிருந்த மூளையை அந்தச் சிறு அடைப்புகள் கவிழ்த்துவிட்டன. அவற்றில் பல, வந்ததே தெரியாமல் வருபவை. கையோ காலோ இழுத்துக்கொள்வதில்லை. மிக முக்கியமான காரணம் இரத்த அழுத்தம்.

அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9,361 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மேல் அழுத்தத்தை 140க்குக் கீழும், மற்றதற்கு 120க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். அதன் மூளை தொடர்பான முடிவுகள் 2019இல் வந்தன. அழுத்தத்தை நன்றாகக் குறைத்தவர்களுக்கு, டிமென்ஷியாவுக்கு முந்தைய நிலையான லேசான அறிதிறன் குறைபாடு 19 விழுக்காடு குறைவாக வந்தது. டிமென்ஷியாவும் குறைவாகவே தெரிந்தது. ஆனால் அது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லுமளவுக்கு எண்ணிக்கை சேரவில்லை. இதயத்துக்குக் கிடைத்த நன்மை பெரிதாகத் தெரிந்ததால் சிகிச்சைச் சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், மாரடைப்பையும் சிறுநீரகத்தையும் சொல்வார்கள். இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்தத் திட்டம், முதியோரின் நினைவாற்றலைக் காக்கும் திட்டமும் ஆகும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. “தலை சுத்தல, நல்லாத்தானே இருக்கேன்” என்று மாத்திரையை நிறுத்திவிடும் ஐம்பது வயதுக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பயப்படாத பலர், பேரப்பிள்ளையின் பெயர் மறந்துபோவதற்குப் பயப்படுகிறார்கள்.

சுடோகு, குறுக்கெழுத்து, கைப்பேசி விளையாட்டுகள் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதில் தேர்ச்சி வரும். அந்தத் தேர்ச்சி வங்கிக் கணக்கிலோ சாலையைக் கடப்பதிலோ கைகொடுப்பது அரிது. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக லுமாசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. மாத்திரைகளின் கதையும் இதேதான். ஜிங்க்கோ இலைச்சாறு நினைவாற்றலுக்கு நல்லது என்று உலகமே நம்பி வாங்கியது. 75 வயதைக் கடந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதை ஆறு ஆண்டுபோலக் கொடுத்துப் பார்த்ததில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்த அளவுக்கே அவர்களுக்கும் டிமென்ஷியா வந்தது. நம் வல்லாரைக்கும் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் வலுவான சான்று இல்லை. கீரை என்று துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. மறதிக்கு மருந்து என்று பணம் கொட்டி மாத்திரை வாங்காதீர்கள்.

புதிதாகவும் கடினமாகவும் ஒன்றைக் கற்பது வேறு கதை. டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் டெனிஸ் பார்க் நடத்திய ஆய்வில், 60 முதல் 90 வயதுவரையிலான 221 பேர் மூன்று மாதம் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர், அதுவரை பழக்கமில்லாத டிஜிட்டல் புகைப்படக் கலையையோ, துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் வேலையையோ, அல்லது இரண்டையுமோ வாரம் பதினைந்து மணிநேரம் அளவில் கற்றார்கள். வேறு சிலர் அதே அளவு நேரம் கூடிப் பேசினார்கள், விளையாடினார்கள், சுற்றுலா போனார்கள். இன்னும் சிலர் வீட்டில் இசை கேட்பதும் எளிய சொல் விளையாட்டுகளுமாக இருந்தார்கள். நினைவாற்றல் உயர்ந்தது கற்றவர்களுக்குத்தான். கணினி, மென்பொருள் என்று அதிகம் திணறிய புகைப்படக் குழுவுக்குக் கூடுதலாக. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, திணறல் இருக்க வேண்டும் என்பது. அறுபது ஆண்டுகளாகப் போட்டுவரும் அதே கோலம் கைக்கு வேலை. மூளைக்கு அவ்வளவாக இல்லை. பார்த்தறியாத புள்ளிக்கணக்கில் ஒரு சிக்குக் கோலத்தைத் தாளில் போட்டுப் பார்த்து, அழித்து, மறுபடி போடும் பாட்டி மூளைக்கு வேலை வைக்கிறார்.

வளர்ந்து பெரியவர்களானபின் மூளை மாறுமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு சான்று. உத்தரப் பிரதேசத்தின் லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில், முப்பது வயதை ஒட்டிய, எழுத்தறியாத, பெரும்பாலும் பெண்களான ஒரு குழுவினருக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துகளைக் கற்பித்து, முன்னும் பின்னும் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில், மூளையின் மேற்பரப்பில் மட்டுமல்ல, மூளைத்தண்டு வரையிலும் தொடர்புகள் மாறியிருந்தன. பெரியவர்களாகி எழுத்துக் கற்ற பிரேசில், போர்ச்சுகல் மக்களிடம் ஸ்டானிஸ்லாஸ் டெஹான் குழு 2010இலேயே இத்தகைய மாற்றங்களைக் கண்டிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் நினைவுக்கு வருகிறது. கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் மாலையில் சிம்னி வெளிச்சத்தில் எழுத்துக் கற்றார்கள். கூடவே மிதிவண்டியும் பழகினார்கள். அந்த இயக்கத்தை நாம் பெண் விடுதலை என்று போற்றினோம். அவர்களில் பலர் இப்போது அறுபதையும் எழுபதையும் தொட்டிருப்பார்கள். அவர்களுடைய நினைவாற்றல் எப்படி இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும். உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஆய்வுக்களம் நம் வாசலில் இருக்கிறது.

நடைப்பயிற்சியின் பலன் பலமுறை சொல்லப்பட்டதுதான். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம், ஓராண்டு நடந்த முதியவர்களின் மூளையில் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி இரண்டு விழுக்காடு வளர்ந்தது என்று கிர்க் எரிக்சன் குழு 2011இல் காட்டியது. ஃபின்லாந்தில் மியா கிவிபெல்டோ 1,260 பேரிடம் நடத்திய சோதனையில் உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் இரண்டாண்டு சேர்த்துச் செய்தவர்கள், வெறும் அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட முன்னேறினார்கள். பெரிய முன்னேற்றம் இல்லை, ஆனால் உறுதியானது.

காதைப் பற்றித்தான் நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. டிமென்ஷியா தடுப்பு பற்றிய லான்செட் குழு 2024 அறிக்கையில் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகின் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அதன் கணிப்பு. இளமையில் படிப்பின்மை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, காற்று மாசு, சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் எடை கூடியவற்றுள் ஒன்று காது கேளாமை. காதில் சரியாக விழாத பேச்சைப் புரிந்துகொள்ளவே மூளை தன் திறனைச் செலவிடுகிறது, நினைவில் வைக்க மிச்சம் இருப்பதில்லை என்பது ஒரு விளக்கம். அதைவிட எனக்கு வலுவாகப் படுவது, பேச்சு நின்றுபோவது. “பாட்டிக்குக் காது கேக்காது, விடு” என்று ஒரு வீடு சொல்லத் தொடங்கும் நாளிலிருந்து அந்த மூதாட்டியிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கல்யாணச் செலவு, நிலத்தகராறு, பேத்தியின் கல்லூரி எல்லாம் அவர் தலைக்கு மேல் பேசி முடிக்கப்படுகின்றன. “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்ற இரண்டு கேள்விகளுக்குள் அவருடைய உலகம் சுருங்குகிறது. அன்பினால் செய்கிறோம் என்று நினைத்து நாம் செய்யும் தீங்கு இது. கணக்குப் பார்க்கும் பொறுப்பை, சீட்டுப் பணத்தை, ரேஷன் கடையை, சமையலறையை “உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்” என்று பிடுங்கிக்கொள்வதும் அதே தீங்குதான்.

கருவி பொருத்தினால் மட்டும் போதுமா என்பதற்கு அமெரிக்காவில் ஃபிராங்க் லின் குழு 977 முதியவர்களிடம் செய்த சோதனை 2023இல் விடை தேடியது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாண்டில் பலன் தெரியவில்லை. இதய நோய் தொடர்பான பழைய ஆய்வொன்றிலிருந்து வந்த, ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் கூடுதலாக உடைய முதியவர்களிடம் மட்டும், காது கேட்கும் கருவி அறிவு சரியும் வேகத்தை 48 விழுக்காடு குறைத்தது. யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்குப் பலனும் அதிகம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் குறைந்த படிப்பும் ஒன்றுசேர்ந்த நம் கிராமத்து முதியவர்கள் அந்த இரண்டாவது வகையினரையே ஒத்திருக்கிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றாகப் படித்து, நடந்து, அளவாகச் சாப்பிட்டு, எல்லாரோடும் பழகி வாழ்ந்தவர்களுக்கும் டிமென்ஷியா வருகிறது. மரபணுவுக்கும் வெறும் தற்செயலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. லான்செட் குழுவின் கணிப்பிலேயே பாதிக்கு மேற்பட்டது நம் கைக்கு அப்பாற்பட்டது. ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து “மூளைக்கு வேலையே கொடுக்கல, அதான்” என்று யாரும் சொல்லக் கூடாது. அந்தச் சொல் நோயாளியின் காதில் விழாமல் போகலாம். இரவில் மூன்றுமுறை எழுந்து அவரைக் கவனிக்கும் மகளின், மருமகளின் காதில் விழும்.

செய்யக்கூடிய ஒன்று உடனே இருக்கிறது. மாத்திரைப் பையோடு மாதந்தோறும் வீட்டு வாசலுக்கு வரும் அந்தத் தன்னார்வலர், அழுத்தம் பார்த்து முடித்ததும் முதியவரின் பின்னால் ஒரு கை நீளத் தொலைவில் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, மூன்று எண்களைக் கிசுகிசுக்கலாம்; பிறகு மறு காது. கேட்டதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இது மருத்துவம் அங்கீகரித்த முதற்கட்டச் சோதனை. கருவி வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். காதில் குறும்பி அடைத்திருப்பதுதான் காரணம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்துவிடலாம். மற்றவர்களின் பெயர்களைத் தனியே குறித்து வைத்தால், காது கேட்கும் கருவி யார் யாருக்குத் தேவை என்ற பட்டியல் ஒவ்வோர் ஊருக்கும் தயாராகிவிடும்.